ஹபீப் பாய் ஒப்படைத்த துப்பாக்கி

முப்பத்தோரு வருஷம் துப்பாக்கி செய்தவர் ஹபீபுர் ரஹ்மான். அத்தனையில் ஒன்றுகூடச் சுடாது.

சுடக்கூடாது, அதுதான் வேலை. கோடம்பாக்கத்தில் சினிமாவுக்குச் சாமான் வாடகைக்கு விடும் கம்பெனி ஒன்றில் அவர் லேத்தில் கடைசல் பிடிக்கும் டர்னர். வில்லன் நெற்றியில் வைக்கிற பிஸ்டல், வெள்ளைக்காரச் சிப்பாய் தோளில் சாத்துகிற நீளத் துப்பாக்கி, ஜமீன்தார் சுவரில் மாட்டுகிற இரட்டைக் குழல் எல்லாம் அவர் லேத்தில் உருண்டு வந்தவைதான். குழல் அலுமினியம், இல்லையென்றால் மரம். முன்பக்கம் மட்டும் ஓர் அங்குல ஆழத்துக்கு ஓட்டை போட்டு உள்ளே கறுப்பு பெயின்ட் அடித்துவிட்டால் கேமராவுக்குப் போதும். மீதி ஓட்டையைப் படம் பார்க்கிறவர்கள் மனசிலேயே போட்டுக்கொள்வார்கள்.

ஒருதடவை ராஜா காலத்துப் படம் ஒன்றுக்கு மாதிரி வேண்டுமென்று, யாரோ ஒரு பெரிய மனிதர் வீட்டிலிருந்து அசல் துப்பாக்கி ஒன்றை இரண்டு நாளைக்கு இரவல் வாங்கி வந்தார்கள். இருநூறு வருஷத்துப் பொருள். விசையைத் தட்டினால் சிக்கிமுக்கிக் கல் எஃகில் மோதிப் பொறி பறக்கும். குழலின் பக்கவாட்டில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை. பொறி அதன் வழியாக உள்ளே போய் மருந்தைப் பற்றவைக்கும். ஹபீப் பாய் அடிமூடியைக் கழற்றி, குழலைக் கண்ணில் வைத்து ஜன்னல் பக்கம் திருப்பினார். அந்தக் கோடியில் வட்டமாக வானம் தெரிந்தது. அடேயப்பா என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். இரண்டு நாளும் சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல், ஒரு திருகாணி விடாமல் அளந்து நோட்டில் எழுதிக்கொண்டார். அந்த மாதிரியைப் பார்த்துக் கம்பெனிக்கு நாற்பது மரத்துப்பாக்கி செய்து கொடுத்தார். நோட்டை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அறுபத்து நாலு வயதில் ஓய்வு. கம்பெனி கழித்துப்போட்ட சின்ன லேத் ஒன்று அவரோடு மினி லாரியில் மயிலாப்பூர் வந்து சேர்ந்தது. கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் தரைத்தளத்து வீடு. அடுக்களைக்கும் குளியலறைக்கும் நடுவே, துவைக்கிற கல் கிடந்த இடத்தில் லேத் போய் உட்கார்ந்தது. மனைவி அஃப்சருன்னிசா சும்மா விடுவாரா?

“துணி துவைக்க நான் எங்கங்க போறது? உங்க மிஷினு மேல ஏறி உக்காந்துக்கவா?”

“மூணு மாசம் பொறுத்துக்க அஃப்சர். ஒரே ஒரு சாமான்தான்.”

மூன்று மாசம் மூன்று வருஷமானது. அவர் செய்ய நினைத்தது அந்தப் பழைய துப்பாக்கியின் சரிபாதி அளவில் ஒரு மாதிரி. கம்பெனி மாதிரி இல்லை. எல்லாம் எஃகு, எல்லாம் இயங்கவேண்டும், முக்கியமாக ஓட்டை முழுசாகப் போகவேண்டும். புதுப்பேட்டையில் பழைய வண்டிச் சாமான் குவியலில் கிளறி ஓர் அச்சுத் தண்டு எடுத்து வந்தார். அதில் இருபது அங்குல நீளத்துக்கு ஒன்பது மில்லி துளை போடவேண்டும். அவ்வளவு நீளத்துக்கு எந்த டிரில் பிட் வரும்? இரும்புக் கம்பியை நுனியில் ஒட்டவைத்துத் தானே நீட்டிக்கொண்டார். இந்தப் பக்கம் பத்து அங்குலம், திருப்பிப் போட்டு அந்தப் பக்கம் பத்து அங்குலம். இரண்டு மில்லி உள்ளே போகும், வெளியே இழுத்துச் சீவலைத் தட்டணும், எண்ணெய் விடணும், மறுபடி இரண்டு மில்லி. இரண்டு துளையும் ஒன்றையொன்று தொட்ட அன்று வீடே அதிரும்படி அஃப்சருன்னிசாவைக் கூப்பிட்டார். அவர் மாவுக் கையோடு வந்து ஒற்றைக் கண்ணால் பார்த்து, “ஆமா, வெளிச்சம் வருது,” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அடுப்பில் சப்பாத்தி கருகிக்கொண்டிருந்தது, அவரையும் குறை சொல்ல முடியாது.

துப்பாக்கிக் கட்டைக்கு ஈட்டி மரம் வேண்டியிருந்தது. அஃப்சருன்னிசாவின் அம்மா வீட்டுச் சீதனக் கட்டிலின் கால் ஒன்று காணாமல் போனதும், அந்தக் கட்டில் அன்றுமுதல் மூன்று காலும் ஐந்து செங்கல்லுமாக நிற்பதும் தனிக்கதை. அதற்கு அவர் வாங்கிய பேச்சை இங்கே எழுதமுடியாது.

இரண்டாவது வருஷக் கடைசியில் வலது கைக் கட்டைவிரல் நடுங்க ஆரம்பித்தது. பிறகு மணிக்கட்டு. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், மாத்திரை சாப்பிட்டால் வேகம் குறையும், போனது திரும்பாது என்று நேராகவே சொல்லிவிட்டார். ஹபீப் பாய் ஆஸ்பத்திரி வாசலில் நின்று கணக்குப் போட்டார்: விசை மிச்சம், ஸ்பிரிங் மிச்சம், பக்கத்துளை மிச்சம். காலையில் மாத்திரை போட்ட பிறகு கை அடங்கியிருக்கும் இரண்டு மணி நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வருஷத்தில் முடித்தார். இனி இன்னொன்று செய்யவே முடியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

முடித்தபிறகு ஒரு தவிப்பு வந்தது பாருங்கள், அதுதான் பெரிய கொடுமை. யாரிடம் காட்டுவது? மாடி வீட்டுக்காரர் பார்த்து, “டுமீல்னு சத்தம் வருமா பாய்?” என்றார். மகள் ஜோயா ஆம்பூரிலிருந்து வந்தபோது, “குழந்தைங்க கையில படாம வைங்க,” என்றாள். தொழில் தெரிந்தவன் ஒருத்தன், ஒரே ஒருத்தன், அந்தக் குழலைக் கண்ணில் வைத்துப் பார்க்கமாட்டானா என்று மனிதர் ஏங்கிப்போனார்.

அப்போதுதான் தேர்தல் வந்தது. சந்து முனையில் பறக்கும் படை ஜீப் வந்து நின்றது. கேமராவும் கையுமாக நாலு பேர், போகிற வருகிற பையையெல்லாம் திறந்து பார்த்தார்கள். அஃப்சருன்னிசாவுக்குச் சோறு இறங்கவில்லை. பேப்பரில் வேறு போட்டிருந்தது: துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் அந்தந்தக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும், தவறினால் நடவடிக்கை. அதைக் கத்தரித்துப் புருஷன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“அது லைசன்ஸ் வெச்சிருக்கறவங்களுக்கு அஃப்சர்.”

“லைசன்ஸ் இருக்கறவனையே குடுன்னு சொல்றாங்க, இல்லாதவன விடுவாங்களா? நம்ம பேரக் கேட்டதும் என்னா நெனப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? வந்து எடுத்தா ஒண்ணு, நாமளே போய்க் குடுத்தா ஒண்ணு. என் பேச்சக் கேளுங்க, நான் இந்த வீட்ல தூங்கி ஆறு நாளாச்சு.”

அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் அவர் இறங்கிவந்தார். மறுநாள் காலை துப்பாக்கியைப் பழைய லுங்கியில் சுற்றி, சுருட்டிய கோரைப்பாய் மாதிரி அக்குளில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். நல்லவேளையோ கெட்டவேளையோ, பறக்கும் படை அப்போது டீ குடிக்கப் போயிருந்தது.

மேஜையில் ஏட்டு அசோகன் உட்கார்ந்திருந்தார். “இன்னா பாய், பார்சலு?”

“துப்பாக்கி சார். ஒப்படைக்கலாம்னு.”

“லைசன்ஸ் குடு.”

“லைசன்ஸ் இல்ல சார். நானே செஞ்சது.”

அசோகன் கையிலிருந்த டீ கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “பாய், உனக்கு எதுனா உடம்பு சரியில்லியா? லைசன்ஸ் இல்லாத துப்பாக்கிய எட்த்துகினு ஸ்டேஷனுக்கே வந்து, நானே செஞ்சதுன்ற. உன்ன யாருய்யா கேட்டாங்க?”

“பேப்பர்ல போட்டிருந்தாங்க சார்.”

அசோகன் தலையில் அடித்துக்கொண்டார். திருப்பி எடுத்துக்கொண்டு போ என்று சொல்ல ஜன்னலைப் பார்த்தால், ஜீப் முனைக்குத் திரும்பி வந்துவிட்டது. “இப்போ வெளிய போனா புட்ச்சிடுவானுங்க. இங்கயே வெச்சிட்டுப் போ. தேர்தல் முடியட்டும், வந்து வாங்கிக்க.”

“ரசீது சார்?”

“ரசீது எழுதணும்னா லைசன்ஸ் நம்பரு எழுதணும். நம்பரு இல்லன்னா கேஸு எழுதணும். நான் ரெண்டும் எழுதல. பீரோவுக்குப் பின்னால வெக்கிறேன். என் பொறுப்பு, போய்க்கினே இரு.”

நல்ல மனுஷன் அசோகன். அந்த நல்ல மனசுதான் பிறகு எல்லாரையும் மாட்டிவிட்டது.

தேர்தல் முடிந்தது, எண்ணி முடித்தார்கள், பதவியும் ஏற்றாகிவிட்டது. லைசன்ஸ்காரர்கள் ரசீதைக் காட்டித் தங்கள் துப்பாக்கியை வாங்கிப் போனார்கள். ஹபீப் பாய் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் பாய் என்பார் அசோகன். அதற்கடுத்த வாரமும் அதுவே. அதற்குள் இன்ஸ்பெக்டரை மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்த அம்மா விழுப்புரம் பக்கத்துக்காரர், பொறுப்பெடுக்கும்போது ஒவ்வொரு பொருளையும் கையால் தொட்டு எண்ணுகிறவர். பீரோவை நகர்த்தச் சொன்னார். லுங்கியில் சுற்றிய ஒன்று கூடுதலாக நின்றது.

அவரை மோசமானவர் என்று சொல்லமுடியாது. ஹபீப் பாயையும் அஃப்சருன்னிசாவையும் எதிரே நாற்காலியில் உட்காரவைத்துத்தான் பேசினார். “உங்கள உள்ள தள்ளணும்னு எனக்கு வேண்டுதல் ஒண்ணும் இல்ல. ஆனா ஸ்டேஷன்ல கணக்கில இல்லாத துப்பாக்கி இருந்துச்சுன்னா எனக்கும் வேல போகும், அசோகனுக்கும் போகும். வியாழக்கெழம எங்க துப்பாக்கியெல்லாம் பாக்க ஆர்மரர் வரார். அவர் இது பொம்மைன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், நீங்க எடுத்துட்டுப் போயிடுங்க.”

வெளியே டீக்கடையில் அசோகன் பாடம் நடத்தினார். “சினிமா யூனியன் கார்டு கீதுல்ல? எட்த்துகினு வா. சூட்டிங் துப்பாக்கின்னு சொல்லு. சைடுல கீற ஓட்டை சும்மா அழகுக்குப் போட்டது, உள்ள போவாதுன்னு சொல்லு. அவ்ளோதான், முட்ஞ்சுது மேட்டரு.”

“சரி சார்.”

“எங்க, சொல்லு பாக்கலாம்.”

“அழகுக்குப் போட்டது, உள்ள போவாது.”

வியாழக்கிழமைவரை அஃப்சருன்னிசா அதை நாலைந்து தடவை சொல்லவைத்துக் கேட்டார். நாஷ்டா வைக்கும்போது ஒருதடவை, ஆட்டோவில் ஏறும்போது ஒருதடவை. ஒரு தடவைகூட அவர் தப்பாகச் சொல்லவில்லை.

ஆர்மரர் லாரன்ஸ் ஐம்பது வயதுக்காரர். ஸ்டேஷன் ரைஃபிள்களைத் துடைத்து முடித்துவிட்டு, எண்ணெய்க் கையோடு லுங்கியைப் பிரித்தார். விசையைத் தட்டினார். பொறி பறந்தது. அடிமூடியைக் கழற்றினார். பொருத்தியிருந்த இடமே தெரியாமல் அது கழன்றதும் புருவத்தைத் தூக்கினார். குழலைக் கண்ணில் வைத்து வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

“யார் செஞ்சது இது?”

“நான்தான் சார்.”

“எங்க?”

“வீட்லதான். சின்ன லேத்து ஒண்ணு இருக்கு.”

லாரன்ஸ் மறுபடி குழலைக் கண்ணில் வைத்தார். “உள்ள கண்ணாடி மாதிரி இருக்குங்க. இருவது வருஷமா துப்பாக்கியப் பாக்கறேன். வீட்ல உக்காந்து இப்படி ஒருத்தர் பண்ணி நான் பாத்ததில்ல.”

மூன்று வருஷமாக இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் ஹபீப் பாய் காத்திருந்தார், அதைக் கேட்ட இடம் போலீஸ் ஸ்டேஷன் என்பதே அந்த நிமிஷம் அவருக்கு மறந்துபோனது. சந்தோஷத்தில் கை நடுங்குவதுகூட நின்றுவிட்டதாக அவருக்குத் தோன்றியது.

லாரன்ஸ் பக்கத்துளையை நகத்தால் தடவினார். அவருக்கும் மனசு இருந்திருக்கவேண்டும், கேள்வியைப் பதிலோடு சேர்த்தே கேட்டார். “இந்த ஓட்டை சும்மா மேலாக்கப் போட்டதுதானே? உள்ள போகாதே?”

அசோகன் இருமினார். அஃப்சருன்னிசா மேஜைக்கடியில் புருஷன் காலை மிதித்தார்.

“போகுது சார்,” என்றார் ஹபீபுர் ரஹ்மான். “நேரா உள்ள போகுது. முக்கால் மில்லி. ரெண்டு பிட்டு ஒடைஞ்சிருச்சு, மூணாவதுல முடிச்சேன்.”

லாரன்ஸ் குழலை மேஜைமேல் வைத்துவிட்டு, அவரைப் பார்க்காமல் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். “மேடம், இது சுடும்.”

சொன்ன பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று ஹபீப் பாய்க்கு உறைத்தது. யூனியன் கார்டு சட்டைப்பையில் அப்படியே இருந்தது. எடுத்து நீட்டினார். யாரும் வாங்கவில்லை.

“ஏன் பெரியவரே,” என்றார் இன்ஸ்பெக்டர், நிஜமாகவே வருத்தத்தோடு. “இனிமே ரெண்டே வழி. கேஸ் போடணும், இல்லன்னா இது துப்பாக்கியா இருக்கக்கூடாது. குழல ரெண்டா வெட்டிடுங்க. அசோகன் கூட இருக்கட்டும். இன்னிக்கே.”

“மேடம், அந்தச் சின்னத் துளைய வேணா அடைச்சிடறேன். வெல்டு வெச்சு அடைச்சிடலாம். வெட்டவேணாம் மேடம்.”

“அடைச்சத மறுபடி துளைக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?” என்று லாரன்ஸ் கேட்டார்.

“பத்து நிமிஷம்,” என்றார் பாய்.

அஃப்சருன்னிசா புர்கா நுனியால் வாயை மூடிக்கொண்டார். அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? லாரன்ஸ் அடுத்த ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். போகும்போது பாயின் தோளைத் தொட்டுவிட்டு வண்டியில் ஏறினார்.

ஸ்டேஷனுக்குப் பின்னால் பிடித்துவைத்த பைக்குகள் துருப்பிடித்துக் கிடக்கும் இடம். எதிர்க்கடை வெல்டரைக் கூப்பிட்டு கேஸ் நெருப்பால் வெட்டிவிடலாம், இரண்டு நிமிஷ வேலை என்றார் அசோகன். ஹபீப் பாய் கேட்கவில்லை. “நெருப்பு வெச்சா இளகிக் கோணலாயிடும் சார். ஆக்ஸா பிளேடு இருந்தா குடுங்க, நானே வெட்டறேன்.” வெட்டி எறியப்போகிற இரும்பு கோணலானால் என்ன என்று அசோகன் கேட்கவில்லை. போய்க் கடையிலிருந்து ரம்பம் வாங்கி வந்தார்.

குழலைக் கட்டையிலிருந்து பிரித்தார். நடுவில் சாக்பீஸால் அசோகன் ஒரு கோடு போட்டார். பிடித்துக்கொள்ளப் பட்டறைப் பிடிப்பு எதுவும் இல்லை, ஒரு சிமென்ட் திட்டுதான் இருந்தது. மாத்திரை வேளை தாண்டிவிட்டது. ரம்பத்தை வைத்ததும் கை உதறியது, பிளேடு வழுக்கி மெருகின்மேல் நீளமாக ஒரு கீறல் விழுந்தது. இன்னொரு தடவை. இன்னொரு கீறல். தன் கையைத் தானே அடிக்கவேண்டும் போலிருந்தது அவருக்கு.

“குடு பாய், நான் அறுக்கறேன்.”

“வேணாம் சார்.”

அஃப்சருன்னிசா புர்காவைச் சுருட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். குழலின் ஒரு முனையைத் திட்டோடு சேர்த்து முழங்காலால் அழுத்திக்கொண்டார். ஒரு கையால் புருஷன் மணிக்கட்டைப் பிடித்தார். “ம். இப்ப இழுங்க.” மூன்று வருஷமாக அந்தச் சாமானைச் சனியன் என்று திட்டியவரின் கை அது. இழுத்தார். பல் பதிந்தது. இரண்டு பேருமாக அரைமணி நேரம் அறுத்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் அஃப்சருன்னிசா, “என்னாலதான். நான்தானே கொண்டுபோய்க் குடுங்கன்னு சொன்னேன்,” என்றார். ஹபீப் பாய் மூச்சு வாங்கியபடி ரம்பத்தை இழுத்தார்.

டங்கென்று ஒரு துண்டு தரையில் விழுந்தது.

குனிந்து எடுத்துத் தூசியை ஊதினார். எந்த டர்னருக்கும் வருகிற பழக்கம்தான், வெட்டிய முகத்தைத் திருப்பிப் பார்த்தார். பார்த்தபடியே நின்றுவிட்டார்.

ஓட்டை நடுவில் இல்லை. ஒரு பக்கம் சுவர் நாலு மில்லி கனத்துக்குக் கெட்டியாக இருந்தது. எதிர்ப்பக்கம் நகத்தின் கனம்கூட இல்லை. இரண்டு பக்கமிருந்தும் துளைத்து வந்த பிட் உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கி, நடுவில் வந்து சந்தித்த இடத்தில் ஓரத்துக்கே போயிருக்கிறது. பிறகு அவர் வழவழவென்று மெருகேற்றியதில் உள்ளே பார்க்கிறவன் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை, லாரன்ஸுக்கும் தெரியவில்லை. வெட்டினாலொழிய யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரு சிட்டிகை மருந்து போட்டுச் சுட்டிருந்தால் இந்த இடத்தில் வாழைப்பட்டை மாதிரி பிளந்திருக்கும். இது சுடுகிற துப்பாக்கியே இல்லை. முன்பே தெரிந்திருந்தால், சார், இது பழுது, இது சுடாது என்று அந்த மேஜையில் அவர் சொல்லியிருக்கலாம், அது சத்தியமாகவும் இருந்திருக்கும், முழுசாக வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கலாம்.

“இன்னா பாய் அப்டியே பாத்துகினு கீற? உள்ள சரியா கீதா?” என்று கேட்டார் அசோகன்.

ஹபீபுர் ரஹ்மான் வெட்டிய முகத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டார்.

“நூல் புடிச்ச மாதிரி இருக்கு சார்.”

தரையிலிருந்து அஃப்சருன்னிசா நிமிர்ந்து பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “அவ்ளோ நல்லாவாங்க செஞ்சிருந்தீங்க?”

“ஆமா,” என்றார் அவர்.